கத்திரி வெயிலில் லான் கருகுதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பங்குனி பாதியிலேயே எனக்கு முதல் போன் வந்துவிடும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் நாளுக்கு நாலைந்து. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன், லான் காஞ்சுக்கிட்டே போகுது." சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "யூரியா போட்டுடட்டுமா?" என்று கேட்பார்கள். போடாதீர்கள். போய்ப் பார்க்கும் வரை ஒன்றும் போடாதீர்கள் என்பதுதான் நான் போனில் கொடுக்கும் ஒரே வைத்தியம்.

திருச்சிப் பக்கம் வீட்டு லான்களும் இரண்டு மூன்று கல்யாண மண்டப லான்களும் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே பெரும்பாலும் கொரியன் புல், பெர்முடா, கொஞ்சம் எருமைப்புல். கீழே எழுதியிருப்பது இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நீளமான ஸ்க்ரூடிரைவர், பழைய கத்தி, ஒரே அளவுள்ள தட்டையான டப்பா நாலு, ஸ்கேல், ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது). காலை ஆறரைக்குப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு எந்தப் புல்லும் வாடித்தான் நிற்கும். அதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முதலில் பழுப்பின் வடிவத்தைப் பாருங்கள். நேர்கோட்டில் ஓரம் இருந்தால் மனிதன் செய்தது. வட்டமாக இருந்தால் நாய், உரம் அல்லது பூஞ்சை. வடிவமே இல்லாமல் திட்டுத்திட்டாக இருந்தால் மண் அல்லது பூச்சி. லான் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் தண்ணீர் அல்லது வெட்டும் மெஷின். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

## மிதித்த கால்தடம் அப்படியே நிற்கிறது, புல் சாம்பல் பூத்த நீலமாக இருக்கிறது

இது வெறும் தாகம். ஆனால் காலையிலும் தடம் நின்றால்தான் தாகம். மதியம் நின்று மாலையில் நிமிர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது. ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். ஆறு அங்குலம் இறங்கினால் ஈரம் போதும். இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால், தினமும் ஊற்றியும் மேல்மண் மட்டும்தான் நனைகிறது.

அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கத்திரியில் வாரத்துக்கு 30 முதல் 35 மி.மீ. தேவைப்படும். அதை ஏழாகப் பிரித்துத் தெளிப்பதைவிட மூன்று முறையாக ஆழமாக விடுவது நல்லது. 100 சதுர அடிக்கு ஒரு முறைக்குச் சுமார் 100 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏழு குடம். உங்கள் ஹோஸ் ஒரு 15 லிட்டர் பக்கெட்டை எத்தனை நிமிடத்தில் நிரப்புகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் 100 சதுர அடிக்கு ஏழு நிமிடம் நிற்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் நிற்கிறோம்? போன் பேசிக்கொண்டே இரண்டு நிமிடம் சுழற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

ஸ்பிரிங்க்ளர் இருந்தால் நாலு டப்பாவையும் நாலு மூலையில் வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒன்றில் 8 மி.மீ., இன்னொன்றில் 2 மி.மீ. என்று வந்தால் நோய் புல்லுக்கு இல்லை, நாசிலுக்கு. கழற்றிக் கழுவினால் உப்புப் படிவம் கொட்டும்.

நேரம். விடிகாலை ஐந்திலிருந்து எட்டுக்குள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிநீர். அதை வாசலில் விட்டுவிட்டுப் பிறகு புல்லுக்குக் கொண்டுபோங்கள்.

யாரைக் கூப்பிடுவது. யாரையும் வேண்டாம். நாசில் கழுவியும் ஒரு மூலைக்கு அழுத்தம் வரவில்லை என்றால் பிளம்பரை.

## ஓரம் நேர்கோடாக, கட்டம் கட்டிய மாதிரி காய்கிறது

இதைப் பார்த்தால் எனக்குக் குஷி, ஏனென்றால் பதில் எப்போதும் கீழேயோ பக்கத்திலோ இருக்கும்.

- கீழே சிலாப் இருக்கிறதா? செப்டிக் டேங்க் மூடி, சம்ப், பழைய சிமென்ட் தளம். ஸ்க்ரூடிரைவர் "டக்" என்று நிற்கும். இரண்டு அங்குல மண்ணில் புல் பங்குனி வரை தாங்கும், சித்திரையில் தாங்காது. அந்தக் கட்டத்துக்கு மட்டும் தினமும் கொஞ்சம் தண்ணீர், அல்லது அங்கே புல்லை எடுத்துவிட்டுக் கல் பதியுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செப்டிக் டேங்க் மூடியை ஒருநாள் திறந்துதானே ஆக வேண்டும்.
- மேற்குப் பார்த்த மதிலா, கண்ணாடி ஜன்னலா? சாயங்கால வெயில் அதில் பட்டுப் புல்மேல் திரும்புகிறது. 50 சதவீத நிழல்வலையை வைகாசி வரை கட்டினால் போதும்.
- ஏ.சி. அவுட்டோர் யூனிட் முன்னாலா? சூடான காற்று ஒரே இடத்தில் அடிக்கிறது. திசை மாற்றும் தடுப்பு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதே ஏ.சி.யின் வடிநீர் உப்பில்லாத நல்ல நீர், வீணாக்காதீர்கள்.
- கார்ப்பெட் (பாய் மாதிரி உருட்டி வந்து விரிக்கும் புல்) ஜோடித்த இணைப்பு வழியாகவா? இரண்டு துண்டுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பினால் புல் தானே ஓடி மூடிவிடும்.

## தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் ஓடி வழிகிறது

சுலபமான காரணம், மண் மேல்பட்டை இறுகிவிட்டது. கார் ஏறிய இடம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பிட்ச், பந்தல் போட்ட இடம். ஐந்து நிமிடம் தண்ணீர், அரை மணி நேரம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம் என்று மூன்று சுற்று விட்டுப் பாருங்கள். இறங்கினால் இப்போதைக்கு அதுவே போதும். மண் ஈரமாக இருக்கும்போது நாலு அங்குல ஆழத்துக்குக் கம்பியாலோ முள்கரண்டி மண்வெட்டியாலோ அரை அடிக்கு ஒரு குத்து குத்தி, துளைகளில் மணல் தள்ளிவிடுங்கள். வெயில் உச்சத்தில் லான் முழுக்கக் குத்தாதீர்கள். இறுகிய இடம் மட்டும்.

கொஞ்சம் செலவான காரணம், புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே காய்ந்த தண்டும் வேரும் மெத்தையாகச் சேர்ந்திருப்பது. கத்தியால் ஒரு சிறு கேக் துண்டு மாதிரி வெட்டி எடுங்கள். மெத்தை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் அதிலேயே தங்கி ஆவியாகிவிடும். கொரியன் புல்லில் இது சகஜம். வாரி எடுக்கும் வேலையை இப்போது செய்யாதீர்கள், புல் தாங்காது. ஆடி கழிந்து மழை வரட்டும்.

பெரிய செலவு, கீழே இடிபாடு. வீடு கட்டி முடித்தவர்கள் செங்கல் துண்டு, ஜல்லி, சிமென்ட் கலவை எல்லாவற்றையும் முன்புறத்தில் பரப்பி, மேலே மூன்று அங்குலம் செம்மண் போட்டு, அதன்மேல் புல்லை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். படத்துக்கு அழகாக இருக்கும். ஒரு கோடையைத் தாண்டாது. நாலைந்து இடத்தில் ஒரு அடி தோண்டுங்கள். ஒரே இடத்தில் மட்டும் கல் வந்தால் அந்த இடத்தை மட்டும் தோண்டி மண் மாற்றலாம். எங்கே தோண்டினாலும் கல் என்றால் இனி உரம், மருந்து என்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். முழுதாக எடுத்து, எட்டு அங்குலமாவது நல்ல மண் போட ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## நுனி மட்டும் வெளுத்துக் காய்கிறது, லான் முழுக்க

முதலில் மெஷின். வெட்டி இரண்டு நாளில் இப்படி ஆனதா? ஒரு இலையைப் பிடுங்கி நுனியைப் பாருங்கள். கத்தரித்த மாதிரி நேராக இல்லாமல் நார்நாராகப் பிய்ந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. சாணை பிடித்தால் தீர்ந்தது.

அடுத்தது உயரம். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் கொரியன், பெர்முடா இரண்டையும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை விடுங்கள். எருமைப்புல்லை மூன்று அங்குலம். "ஒட்ட வெட்டினா அடிக்கடி கூப்பிட வேண்டாமே" என்று நினைப்பவர்கள் வீட்டில்தான் மண் தெரிய வெட்டி, வெயில் நேராகத் தண்டில் அடித்துக் கருகுகிறது.

மூன்றாவது உப்பு. இது எங்கள் ஊரில் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாக.

போர் தண்ணீர் மாசியில் ஒரு மாதிரி, சித்திரையில் ஒரு மாதிரி. நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு கூடும் போர்கள் நிறைய. போன வருடம் சரியாக இருந்ததே என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்த வாரம் மீட்டரை விட்டுப் பாருங்கள். டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) 450-க்குள் இருந்தால் கவலையில்லை. 450-லிருந்து 2,000 வரை கவனமாகப் பாய்ச்ச வேண்டிய நீர். 2,000-ஐத் தாண்டினால் சாதாரணமாகப் பாய்ச்சத் தகுதியில்லை. இது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் வரம்பு. என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஒரு வீட்டில் அம்மா ஒருவர் ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று இரண்டு வருடமாகக் குழாய் இழுத்து லானுக்கு விட்டிருந்தார். நல்ல மனசு. ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த நீரில்தானே இருக்கும்? குழாய் விழுந்த இடத்தைச் சுற்றி மண்மேல் வெள்ளை படர்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. அந்த நீர் பாத்ரூம் கழுவ, வாசல் கழுவ. புல்லுக்கு வேண்டாம்.

உப்பு என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

1. அடிக்கடி கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். அப்படித் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே மிஞ்சும். இடைவெளி விட்டு ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.
2. காவிரித் தண்ணீர் இணைப்பு இருந்தால் வாரத்தில் ஒரு முறையாவது அதைக் கலந்து விடுங்கள்.
3. கருகிய சிறு இடத்தை மட்டும் நல்ல நீரால் கழுவலாம். ஒரு அடி ஆழ மண்ணில் உப்பு பாதியாகக் குறைய 150 மி.மீ. நீர் இறங்க வேண்டும். 100 சதுர அடிக்கு அது 1,400 லிட்டர். ஆகவே முழு லானையும் லாரித் தண்ணீரில் கழுவும் யோசனையை மறந்துவிடுங்கள். ஐப்பசி மழை இலவசமாகச் செய்யும்.
4. ஜிப்சம். கடையில் கேட்டால் உடனே கொடுப்பார்கள். அது சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உவர் மண்ணுக்கு அல்ல. எது என்று கண்ணால் சொல்ல முடியாது, மண் பரிசோதனை வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது. டி.டி.எஸ். 2,000-க்கு மேல், அல்லது வெள்ளைப் படிவம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மண்ணும் நீரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் உண்டு; எங்கள் மாவட்டக்காரர்கள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியிலோ விசாரிக்கலாம். முடிவு வந்தபின் புல்லையே மாற்றச் சொன்னால் அருகு இனத்துக்கு, அதாவது பெர்முடாவுக்குப் போங்கள். பெர்முடா உப்பைத் தாங்குகிற அளவுக்கு இங்கே விற்கும் மெல்லிய கொரியன் தாங்கி நான் பார்த்ததில்லை.

## மஞ்சளாகிறது, ஆனால் காயவில்லை

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

அடியில் உள்ள முதிர்ந்த இலை முதலில், முழுசாக வெளிறி: தழைச்சத்துக் குறைவு. கோடையில் அவசரப்பட வேண்டாம். மனம் கேட்கவில்லை என்றால் 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா, ஒரு பக்கெட் நீரில் முழுதாகக் கரைத்துப் பூவாளியால் சமமாக ஊற்றி, உடனே மேலே வெறும் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம்.

மேலே புது இலை, நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் கோடு: இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பும் காரமும் கூடிய நீரால் வேருக்கு எட்டாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிப்பு. பத்து நாள் கழித்து ஒருமுறை. டைல்ஸ், கிரானைட், வெள்ளைச் சுவர் மேல் பட்டால் துருக்கறை, போகவே போகாது. ஒரு வீட்டுப் படிக்கட்டில் என் கைத்தவறால் பட்ட கறை இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

தாழ்வான இடத்தில் மட்டும், மண்ணில் அழுகல் வாடை: தண்ணீர் அதிகம். கத்திரியிலும் நடக்கும். மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

## வட்ட வட்டமாக

நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம்: நாயின் சிறுநீர். இருந்த உடனே ஒரு வாளி நீர் ஊற்றினால் தப்பிக்கும். காய்ந்தபின் ஊற்றிப் பயனில்லை, பக்கத்துப் புல் ஓடி மூடக் காத்திருங்கள்.

கையகல வட்டங்கள், அல்லது வீசிய கை போன பாதையில் கோடாக: உரம். "நான் போடலையே" என்பார்கள். வீட்டில் இன்னொருவரைக் கேளுங்கள். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி.

தட்டு அளவில் தொடங்கி நாளுக்கு நாள் விரியும் வட்டம், அதுவும் கோடை மழை பெய்த மறுநாள் அல்லது இரவில் தண்ணீர் விடும் வீட்டில்: பூஞ்சை. பனி காயுமுன் பாருங்கள், ஓரத்தில் புகை படிந்த மாதிரி கருவளையம் தெரியலாம். இலையை இழுத்தால் அடி அழுகிச் சுலபமாகக் கையோடு வரும். முதலில் இரவுத் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள். வெட்டிய புல்லை அள்ளி வெளியே போடுங்கள். சூடோமோனாஸ் பொடி (பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) வேளாண் கடைகளில் கிடைக்கும், பாக்கெட்டில் சொன்ன அளவில் மாலையில் தெளிக்கலாம். ஒரு வாரத்தில் வட்டம் நிற்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். பூஞ்சை மருந்தைப் பெயர் தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததை எல்லாம் அடிக்காதீர்கள்.

## பாய் மாதிரி உரிந்து வருகிறது, அல்லது மைனாவும் கொக்கும் கூட்டம் போடுகின்றன

போட்டு மூன்று மாதம் ஆகாத கார்ப்பெட்டா? பூச்சியைத் தேடாதீர்கள், அது இன்னும் வேரே விடவில்லை. பங்குனியில் புது லான் போடுவது இப்படித்தான் முடியும். அழுத்தி உருட்டி, இதற்கு மட்டும் தினமும் தண்ணீர்.

மண்பூச்சு தெரிகிறதா? கரையான். அது பெரும்பாலும் ஏற்கெனவே செத்த புல்லைத் தின்ன வந்தது. மண்ணைச் சீய்த்துவிட்டு ஈரம் காத்தால் போய்விடும். வீட்டுச் சுவரிலும் மண்கோடு ஏறியிருந்தால் மட்டும் கரையான் ஒழிப்பு ஆட்களை உடனே கூப்பிடுங்கள். அப்போது லான் பெரிய விஷயமே இல்லை.

இலை கடிபட்டிருக்கிறதா? புழு. பகலில் ஒளிந்துகொள்ளும். நாலு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் நெளிந்து மேலே வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு, சூரியன் இறங்கியபின் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் எண்ணெயே புல்லைக் கருக்கும்.

வேரே இல்லையா? ஒரு சதுர அடி வெட்டிப் புரட்டி மூன்று அங்குலம் தோண்டுங்கள். பிறை மாதிரி சுருண்ட வெள்ளைப் புழு, செந்தலை: வேர்ப்புழு. ஐந்துக்குள் இருந்தால் பறவைகள் பார்த்துக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈரமண்ணில் இட ஆள் வேண்டும். இதன் சேதம் பொதுவாக மழைக்காலத்தில்தான் தெரியும். கோடையில் செய்யக்கூடிய மலிவான வேலை வேறு: முதல் கோடை மழைக்கு மறுநாள் பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்திலும் முருங்கையிலும் மொய்க்கும் பழுப்பு வண்டுகளை உலுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் விழவையுங்கள். முட்டை போடவேண்டியது அவைதான்.

## வெட்டிய இரண்டாம் நாளே மஞ்சள்பச்சை முளைகள் தலைநீட்டுகின்றன

தண்டை விரலில் உருட்டுங்கள். முக்கோணமாக இருந்தால் கோரை. பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி, ஒன்றுக்கு இரண்டாக வரும். ஈரம் அதிகமான இடத்தில்தான் கொழிக்கும், தண்ணீரைக் குறையுங்கள். நாலு செடி என்றால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். பரவிவிட்டால் கோரைக்கென்று தனிக் களைக்கொல்லி உண்டு, அதைத் தெரிந்தவரை வைத்து அடியுங்கள். கிளைபோசேட் அடித்தால் கோரையோடு லானும் சேர்ந்து போகும்.

## முழுக்கப் பழுப்பு. செத்துவிட்டதா?

ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியவர்கள் கேட்கும் கேள்வி.

ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். மண்ணோடு ஒட்டிப் பிடிவாதம் பிடித்தால் நல்ல அறிகுறி. தரையோடு ஓடும் தண்டை நகத்தால் கீறுங்கள்; கணுவில் வெளிர் பச்சையோ ஈரமான வெள்ளையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்ளேயும் வைக்கோல் நிறம், ஒடித்தால் "பட்" என்று முறிகிறது என்றால் அந்த இடம் போய்விட்டது. நாலைந்து இடத்தில் பாருங்கள், ஒரே இடத்தைப் பார்த்து அழாதீர்கள்.

உயிர் இருந்தால் முதல் நாள் 15 மி.மீ., பிறகு வாரத்துக்கு மூன்று முறை ஆழமாக. வெட்டாதீர்கள், உரம் போடாதீர்கள், மேலே நடக்காதீர்கள். பெர்முடா இரண்டு மூன்று வாரத்தில் பச்சை காட்டும். கொரியன் சோம்பேறி, ஒன்றரை மாதம்கூட எடுக்கும்.

செத்த இடம் லானில் கால்வாசிக்குள் என்றால் ஓரத்திலிருந்து ஓடுதண்டு எடுத்து, அரை அடிக்கு ஒன்றாக நட்டு மூடுங்கள், கூலி மிச்சம். பாதிக்கு மேல் போயிருந்தால் ஆளைக் கூப்பிடலாம், ஆனால் கத்திரி முடிந்து. இப்போதே வந்து கார்ப்பெட் விரிக்கிறேன் என்று சொல்பவரிடம், கீழே எத்தனை அங்குலம் மண் போடுவீர்கள், வேர் பிடிக்கும் வரை தண்ணீர் யார் பொறுப்பு என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அநேகமாக ஆவணியில் வருகிறேன் என்று அவரே சொல்லிவிடுவார்.